மாவு சரியில்லை என்று சொல்ல வந்த அக்காவுக்கு

தீபாவளி முடிந்து மூன்று நாளாகிறது. மில்லை இன்னும் ஓட்டவில்லை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கூடப்பிறந்த அக்காவின் மகன் ஒரு போஸ்டர் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். ஊதா நிறத்தில் மயில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் தங்க எழுத்தில் ‘உங்கள் பேராதரவுக்கு நெஞ்சார்ந்த நன்றி’, கீழே என் படம், அதுவும் பத்து வருடத்துக்கு முந்தின படம், தலையில் முடி இருக்கிறது. “மாமா, எல்லாக் கடையும் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி” என்கிறான். நன்றி சொல்ல எனக்கென்ன கஷ்டம். ஆனால் அந்தப் போஸ்டரில் என் படத்தை எடுத்துவிட்டு நகைக்கடைக்காரர் படத்தையோ டயர் கடைக்காரர் படத்தையோ வைத்தாலும் பொருந்தும். யாருக்கு, எதற்கு என்று அதில் ஒன்றுமில்லை. எனக்கு இந்த வருடம் நன்றி சொல்ல ஆள் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்களுடையது மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் மாவும் மசாலாவும் அரைக்கும் கடை. லெபோ பாசாரிலிருந்து ஒரு திருப்பம். ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்திரீட், எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் அது கடைத்தெருதான். அப்பா 1978-இல் ஆரம்பித்தார். இரண்டு மெஷின். ஒன்று அரிசி உளுந்துக்கு, இன்னொன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. இரண்டும் ஒன்றோடொன்று உறவாடக் கூடாது, அது அப்பா போட்ட சட்டம். மசாலா மெஷினிலேயே கூட முதலில் மஞ்சள், அப்புறம் மல்லி, கடைசியில்தான் மிளகாய். மிளகாய் ஓடிய பிறகு ஒரு படி பச்சரிசியைப் போட்டு ஓட்டித் துடைக்க வேண்டும், அந்தச் சிவந்த மாவு யாருக்கும் ஆகாது, எங்கள் வீட்டு அடைக்குத்தான் போகும். நாங்கள் அடை சாப்பிட்டு வளர்ந்த குடும்பம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் தீபாவளி 2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு அக்கா வந்து நிற்கிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கடலுக்கு அந்தக் கரையில் பட்டர்வொர்த் பக்கம். கையில் ஹப் செங் பிஸ்கட் டின், அந்தச் சதுர டின், நம் வீடுகளில் பிஸ்கட் தீர்ந்த பிறகுதான் அதற்கு உண்மையான வாழ்க்கை தொடங்கும். கல்லா மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே முறுக்கு என்று சொல்ல முடியாது, முறுக்கின் துண்டுகள். ஒரு அங்குலம், அரை அங்குலம். “தம்பி, ஒண்ணு எடுத்துச் சாப்பிடு” என்றார். சாப்பிட்டேன். உப்பு, எள், ஓமம் எல்லாம் சரி, வாயில் மட்டும் நறநற என்று மணல் மாதிரி. “நாழியில பிழியறப்பவே அறுந்து அறுந்து விழுது. மூணு கிலோ மாவு. பேரப்பிள்ளைங்க கோலாலம்பூர்லருந்து வந்திருக்காங்க, பாட்டி முறுக்கு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

என் முதல் பதில் என்ன தெரியுமா? “அக்கா, அரிசி நல்லா காயலையோ?” எந்த மில்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான், ஈர அரிசி, வறுபடாத உளுந்து, குற்றம் எப்போதும் கொண்டு வந்தவர்மேல். அவர் கோபப்படவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தார், மிச்ச மாவு கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறார், கெட்டிக்காரி. என் உள்ளங்கையில் கொட்டி, “தேய்ச்சுப் பாரு” என்றார். தேய்த்தேன். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் குருணை குருணையாக உருண்டது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து, அளவெல்லாம் அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். தப்பு என்னுடையது. கல் தேய்ந்திருந்தது. மாவு மெஷின் கல்லைக் கழற்றி, உளியும் சுத்தியலும் வைத்து, தேய்ந்த வரிகளை மறுபடி கொத்தி ஆழமாக்க வேண்டும், அரை நாள் வேலை. சீசனில் அரை நாள் மில்லை நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டு, தீபாவளி முடியட்டும், அப்புறம் கொத்திக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். கல் தேய்ந்தால் மாவு சூடாகவும் வரும், கரடாகவும் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அரைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த அக்கா இல்லை. அந்த வாரம் எத்தனை பேருக்கு அதே கல்லில் அரைத்துக் கொடுத்தேன், அவர்களில் வந்து சொன்னது இவர் ஒருவர்தான், மற்றவர்கள் எங்கே? யாராவது வீட்டில் மாமியாரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள், யாராவது தன் கைப்பக்குவம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், இனிமேல் சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட் மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவே செய்திருப்பார்கள். சண்டை போடாமல், முகம் சுளிக்காமல், சத்தமே இல்லாமல் போய்விடுவார்கள். சின்னக் கடையைச் சாப்பிடுவது அந்தச் சத்தமில்லாத கூட்டம்தான். வாடகையெல்லாம் அதற்கு அப்புறம்.

இது முதல் தடவையும் இல்லை, அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2023-இல் இந்தியாவில் சீரகம் இதுவரை பார்க்காத விலைக்கு ஏறியது, மளிகை வியாபாரம் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் கறித்தூளில் சீரகத்தைக் கொஞ்சம் குறைத்து மல்லியைக் கூட்டினேன். கொஞ்சம்தான். இரண்டாவது நாளே நாசி கண்டார், அதாவது சோறும் குழம்பும் விற்கும் கடை வைத்திருக்கும் பாய் மோட்டாரில் வந்து இறங்கினார். “அண்ணே, குழம்பு வாசம் கீழ போயிருச்சு. சீரகத்துல கை வச்சிட்டீங்களா?” என்று நேராகவே கேட்டார். விலையை ஏற்றினால் ஏற்றுங்கள், தூளில் கை வைக்காதீர்கள் என்றார், ஏற்றின விலைக்கு அன்றைக்கே ஆறு கிலோ வாங்கிக்கொண்டு போனார். அவர் வராமல் இருந்திருந்தால் அடுத்த மாதம் வெந்தயத்தில் கை வைத்திருப்பேனோ என்னவோ.

அதனால்தான் ‘சின்னக் கடைகளை ஆதரியுங்கள், வாழ விடுங்கள்’ என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் பரவுகிற பதிவுகளைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நல்ல மனதோடுதான் போடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பாவம் என்று ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கிப்போய் அலமாரியில் வண்டு பிடிக்க வைப்பவரை விட, “என்னப்பா, போன தடவை காரமே இல்லை” என்று சண்டைக்கு வருகிறவர் எனக்கு வேண்டும். ஆதரவு என்றால் அதுதான் ஆதரவு.

இந்த வட்டாரம் எப்படி மாறிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முழுசாகப் போனது, வீடுகளில் இருந்தவர்கள் ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் என்று கிளம்பிவிட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தது, அப்புறம் பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகக் காப்பிக் கடையாகவும் குட்டி ஹோட்டலாகவும் ஆயின. அப்பா காலத்தில் வாடிக்கையாளர்கள் நடந்து வருகிற தூரத்தில் இருந்தார்கள். இப்போது பாதிப் பேர் கடல் தாண்டி வருகிறார்கள். முன்பெல்லாம் ஃபெரியில் காரையே ஏற்றிக்கொண்டு அரிசி மூட்டையோடு வருவார்கள். 2021-லிருந்து காரை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகளிலும் ஆள், மோட்டார், சைக்கிள் அவ்வளவுதான். பாலம் வழியாகக் காரில் வந்தால் எங்கள் லிட்டில் இந்தியாவில் அதை எங்கே நிறுத்துவது, அது தனிக் கதை. அந்த அக்கா உடைந்த முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறி, படகுத்துறையிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறார், எனக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டுப் போக. இதை நினைத்தால் இன்னும் என்னவோ செய்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் விஷயம் வேறு மாதிரி. அவர் சீனர், எழுபதைத் தாண்டியவர். 2020-இல் மார்ச் 18 அன்று கொரோனாவால் நாடே மூடியது, அந்த வருடத் தீபாவளி நவம்பர் 14, அப்போதும் கட்டுப்பாடு, மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாது, எனக்கோ பாதி வியாபாரம் தண்ணீருக்கு அந்தப் பக்கம். மூன்று மாதம் பாதி வாடகை போதும் என்றார், மிச்சத்தை அப்புறமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின் முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன வருடம்தான் தெரிந்தது, மனுஷனுக்குப் பல் கட்டியிருக்கிறது, முறுக்கைத் தொடுவதே இல்லை, முழு டின்னும் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது. சீனப் புத்தாண்டுக்கு அவர் மனைவி அதே டின்னில் ஆரஞ்சுப் பழம் போட்டுத் திருப்பித் தருவார். டின்னைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது எல்லா இனத்துக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வருடம் நெய் உருண்டை கொடுத்தேன். பாசிப்பயறு வறுத்து அரைத்தது, வாயில் வைத்தாலே கரையும். அங்கேயே நின்று இரண்டு சாப்பிட்டார். நன்றி சொல்லக்கூட எதிராளியின் பல் நிலவரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது!

அப்புறம் மில்லில் நிற்கிற தம்பி. ராமநாதபுரத்துக்காரன், வேலை பெர்மிட்டில் வந்து ஏழாவது வருடம். எங்களைப் போல ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் மாதத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் இ.பி.எஃப். என்கிற சேமநிதிக்கு இரண்டு விழுக்காடு. முதலாளிமார் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. நானும் கொஞ்சம் சேர்ந்து அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒரு மணிக்கு அவன் மூக்கிலும் புருவத்திலும் மாவு படிந்து, கிழவன் மாதிரி நின்று ஊருக்கு வீடியோ கால் பேசுகிறான், அந்தப் பக்கம் அவன் மகள் அடையாளம் தெரியாமல் அழுகிறது. அந்த நேரத்தில் அவனிடம் ‘நன்றி’ என்று சொன்னால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டேன், எனக்கு வாயில் வந்தது அதுதான். இருந்தாலும் சாப்பாட்டைக் கேட்பதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடாது, எனக்கே தெரியும். அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போய்வர அவனுக்கு டிக்கெட் என்று மனைவி எதிரில் வாக்குக் கொடுத்தாயிற்று. இங்கே எழுதி வைப்பதும் அதற்காகத்தான், பின்வாங்க முடியாது.

இந்த வருடம் என்ன செய்தேன் என்றால், செப்டம்பரிலேயே இரண்டு நாள் கடையை மூடிக் கல்லைக் கொத்தினேன். “சீசன் நேரத்துல மூடியிருக்கீங்களே” என்று சிலர் முணுமுணுத்தார்கள். அக்டோபர் நடுவில் இன்னொரு தடவை, ராத்திரி பதினொன்றுக்கு மேல். வியாபாரம் மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அரசாங்கம் அடையாள அட்டையில் போட்டுக்கொடுத்த நூறு வெள்ளியை வைத்துக்கொண்டு “ஐசி தட்டலாமா அண்ணே?” என்று நிறையப் பேர் கேட்டார்கள். அந்தக் காசு செல்லுகிற கடைகளின் பட்டியலில் எங்கள் கடை இல்லை, அரைக்கிற கூலிக்கு அட்டை செல்லாது. ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போனார்கள், சிலரிடம் அப்புறம் கொடுங்கள் என்று கடன் கணக்குக்கான 555 நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தச் சின்ன நோட்டு எங்கள் கடையில் இன்னும் சாகவில்லை.

அந்த அக்கா வருவாரா வரமாட்டாரா என்று அக்டோபர் முதல் வாரத்திலிருந்தே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் மூன்று கிலோ மாவு புதிதாக அரைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினேன், காசு வாங்கவில்லை, ஆனால் பேரப்பிள்ளைகள் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம், வாளியும் டின்னும் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் நிழலில் நிற்கிறார்கள். வரிசையில் அதே ஹப் செங் டின். அவர் முறை வந்ததும் நானே நின்று அரைத்தேன். மாவு விழ ஆரம்பித்ததும் அக்கா கையை நீட்டி ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து, அவசரமே இல்லாமல் தேய்த்தார். பின்னால் நிற்கிற பத்துப் பேரும் பார்க்கிறார்கள். மைதா மாதிரி வழுக்கியது.

“ம், சரி” என்றார். காசைக் கொடுத்தார், ஐம்பது காசு மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார், “வரேன் தம்பி” என்று போய்விட்டார்.

போஸ்டர் போடாததற்கு என் அக்கா மகன் கோபித்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் புதுப் படமாவது எடுக்கச் சொல்கிறேன். மில் திங்கட்கிழமை காலை எட்டுக்கு ஓடும். அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள், கூட்ட நேரத்தில் விட்டுப்போன டின் இன்னும் மூன்று கடையில் கிடக்கிறது. ஒன்றில் கடலை மாவு, ஒன்று காலி, இன்னொன்றில் வறுத்த உளுந்து, அரைக்கவே இல்லை, மூடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ‘ச’ என்று எழுதியிருக்கிறது. சரஸ்வதியா சாந்தியா சரோஜாவா தெரியவில்லை, எறும்பு வருவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.