வெறும் குடும்பப் பழக்கமா?
அயர்லாந்தில் ஃபியானா ஃபாயில் கட்சிக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாக்களித்தது வெறும் குடும்பப் பழக்கம் என்று கட்டுரையாளர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1932 முதல் 2007 வரை எல்லாப் பொதுத்தேர்தல்களிலும் அதிக இடங்களைப் பிடித்த கட்சி அது. 1967இல் அதன் ஆட்சியில் வந்த இலவச இடைநிலைக் கல்வி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கட்டணம் கட்ட வழியில்லாமல் தொடக்கப் பள்ளியோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் மேலே படித்தார்கள். அந்த வீடுகள் நன்றி மறக்காததைக் கண்மூடித்தனம் என்பது அநியாயம். பழக்கம்தான் காரணமென்றால் 2011இல் நடந்தது என்ன? 2008இல் வங்கிகளின் கடன்களுக்கு அக்கட்சி தலைமையிலான அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கையேந்தும் நிலை வந்தது. அடுத்த தேர்தலிலேயே அதே மக்கள் அக்கட்சியின் வாக்கை 2007இல் இருந்த 41 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு இறக்கினார்கள். 166 இடங்களில் கிடைத்தவை 20, தலைநகர் டப்ளினில் ஒன்றே ஒன்று. அயர்லாந்தில் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள்; முதல் விருப்பமானவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். பிற கட்சிக்காரர்கள் பலர் கீழ் விருப்பமாகக்கூட அதைக் குறிக்காததால்தான் வாக்கு விகிதத்தைவிடவும் இடங்கள் குறைந்தன. மேலே ஒரு வாசகர், 2024இல் அது 48 இடங்களுடன் மீண்டும் முதலிடம் வந்ததைக் காட்டி அயர்லாந்து மக்களை மறதிக்காரர்கள் என்கிறார். அந்த முதலிடத்துக்குக் கிடைத்த முதல் விருப்ப வாக்கு ஏறத்தாழ 22 சதவீதம்தான், 2007இல் பெற்றதில் ஏறத்தாழ பாதி. பழைய நம்பிக்கையை அவர்கள் இன்னும் முழுதாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.