பக்கம் 112-இல் அந்த வரி இல்லை

பதினோரு நாள். ஒரே ஒரு வாக்கியத்தின் மூலத்தைத் தேடிப் பதினோரு நாள் அலைந்தேன். கடைசியில் அது இருக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தால் அங்கே அது இல்லை. முன் பக்கத்தில் இல்லை, பின் பக்கத்தில் இல்லை, அந்தக் கட்டுரையிலேயே இல்லை. வயிறு எரிகிறது. இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் ஆய்வேட்டில் அடுத்த வரி எனக்கு ஓடாது.

நடந்தது இதுதான். என் மூன்றாம் இயல் ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கருத்து. அண்மையில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து அதை எடுத்திருந்தேன். நெறியாளர் படித்துவிட்டு, "இது இவர் சொன்னது இல்லையேம்மா, வேறொருத்தரைக் காட்டியிருக்காரே. மூலத்துக்குப் போ" என்றார். நியாயமான பேச்சு, எனக்கு அதில் வருத்தமே இல்லை. போனேன். அந்தக் கட்டுரை ஒரு தொகுப்பு நூலைக் காட்டியது. தொகுப்பு நூல் யாரோ ஒருவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைக் காட்டியது. அந்த ஆய்வேடு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இதழ்க் கட்டுரையைக் காட்டியது. பக்கம் 112.

தொகுப்பு நூலிலேயே அலைச்சல் ஆரம்பித்துவிட்டது. நூலகப் பட்டியலில் 'இருப்பில் உள்ளது' என்று இருந்தது. அடுக்கில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அடுக்குக்குப் போனேன். அந்த எண்ணுக்கு முந்தைய புத்தகம் இருக்கிறது, பிந்தைய புத்தகம் இருக்கிறது, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். யாரும் இரவல் எடுக்கவில்லை, ஆனால் புத்தகம் இல்லை. மூன்றாம் நாள், சம்பந்தமே இல்லாத வேறொரு பாடத்தின் அடுக்கில், கடைசித் தட்டில், மற்ற புத்தகங்களுக்குப் பின்னால் படுக்கவைத்த நிலையில் கிடைத்தது. உள்ளே யாரோ செருகிய பேருந்துச் சீட்டு. தனக்கு மட்டும் வேண்டும் என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள்: நீங்கள் எடுத்துக்கொண்டது இன்னொருத்தியின் மூன்று நாள்.

அப்புறம் அந்த ஆய்வேடு. வேறொரு பல்கலைக்கழகத்தில்தான் ஒரே படி. நெறியாளரின் கடிதம் வேண்டும், அனுமதி வேண்டும், நகல் எடுக்கக் கூடாது, கைபேசி உள்ளே வரக் கூடாது. சரி என்று உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியாக அந்த இதழ். எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டுமானம் (பைண்டிங்) செய்து வைத்த இடத்தில் இருந்தது. அங்கே இருக்கும் பெரியவர், "நீ உட்காரும்மா, அந்த அடுக்கு உனக்குப் பிடிபடாது" என்று சொல்லிவிட்டு அவரே ஏணி போட்டு எடுத்துத் தந்தார். முதுகு கழன்று, நூல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய தொகுதி. கட்டுமானத்தில் ஓரத்தை அறுத்ததில் பல பக்கங்களில் பக்க எண்ணே பாதிதான் தெரிந்தது. 109, 110 என்று விரல் வைத்து எண்ணிப் போய் 112-ஐக் கண்டுபிடித்தேன். அதில் ஓர் அட்டவணை மட்டும் இருந்தது. எத்தனை பேருக்கு வினாத்தாள் கொடுத்தார்கள், எத்தனை திரும்பி வந்தது என்ற அட்டவணை.

முழுக் கட்டுரையையும் இரண்டு முறை படித்தேன். ஏழு பக்கம் தள்ளி ஓரிடத்தில், இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம், அது இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும் என்று அந்த ஆசிரியர் நேர்மையாக எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆய்வேட்டில் அது 'சுட்டிக்காட்டுகிறார்' ஆனது. தொகுப்பு நூலில் 'நிறுவுகிறார்' ஆனது. அண்மைக் கட்டுரையில் பெயரும் போய், 'நிறுவப்பட்ட உண்மை' ஆகிவிட்டது. நடுவில் இருந்த யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இது அங்கேயே நின்றிருக்கும்.

இது எனக்கு மட்டும் வாய்த்த கெட்ட நேரம் இல்லை. 2003-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். மேற்கோள் பட்டியல்களில் வரும் அச்சுப் பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பக்க எண்ணைத் தப்பாக அடித்தால், அதே தப்பு எண் அடுத்தடுத்த கட்டுரைகளிலும் அப்படியே வருகிறது. மூலத்தைப் பார்க்காமல் ஒருவர் பட்டியலை இன்னொருவர் பெயர்த்து எழுதினால்தான் அப்படி வரும். மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இன்னொன்றும் உண்டு. கட்டுரையாளர்களுக்கு வழிகாட்ட ஒரு பெரிய பதிப்பகம் மாதிரிக்காக ஒரு கற்பனைக் கட்டுரையின் பெயரைப் போட்டு வைத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே கிடையாது. அதையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் தங்கள் மேற்கோள் பட்டியலில் சேர்த்து அச்சாகி வந்துவிட்டன. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அறிவு என்று எதன் மேல் ஏறி நிற்கிறோம்?

சரி, இவ்வளவு அலைந்து திரும்பிய வாரத்தில்தான் அலுவலகத்தில் வடிவச் சரிபார்ப்புக்குக் கொடுத்த என் முதல் இரண்டு இயல்கள் திரும்பி வந்தன. 41 சிவப்புக் குறிகள். ஒவ்வொன்றையும் எண்ணினேன். இதழின் பெயர் சாய்வெழுத்தில் இருக்கிறது, தொகுதி எண் சாய்வெழுத்தில் இல்லை. ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை. இரண்டாம் வரி உள்தள்ளவில்லை. பதிப்பிடம் குறிக்கவில்லை. 'இந்தப் பக்கத்தில் இது இருக்கிறதா?' என்று கேட்ட குறி அந்த 41-இல் ஒன்றுகூட இல்லை.

பதிப்பிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்காக மட்டும் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். எங்கள் சுற்றறிக்கையில் 'ஏபிஏ முறை' என்று இரண்டே சொல். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை அது. எந்தப் பதிப்பு என்று இல்லை. 2009-இல் வந்த ஆறாம் பதிப்பு, நூலுக்குப் பதிப்பித்த ஊரைக் கேட்டது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு ஊரே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. இன்னொரு மேற்கோள் முறையான சிகாகோ கையேட்டின், 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பும் நூல்களுக்கு ஊரைக் கட்டாயம் ஆக்கவில்லை. நான் ஏழாம் பதிப்பைப் பார்த்துச் செய்தேன். சரிபார்த்தவர் கையில் இருந்தது ஆறாம் பதிப்பை வைத்து யாரோ எப்போதோ தயாரித்த மாதிரித் தாள். கையேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "எங்களுக்கு இதுதான் வந்திருக்கு, இதுல இருக்கிற மாதிரி கொடுங்க" என்றார்கள். எந்த முறை சரி என்று நான் சண்டை போடவில்லை. எதைக் கேட்டாலும் செய்து தருகிறேன். எதைக் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள் என்கிறேன். இது பெரிய கோரிக்கையா?

பெயர் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். மலர்விழி கந்தசாமி என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் மென்பொருள் என்ன செய்யும்? கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'கந்தசாமி, ம.' என்று போட்டுவிடும். இயலுக்குள்ளே எழுதும்போது 'கந்தசாமி கூறுகிறார்' என்று வரும். கந்தசாமி அவருடைய அப்பா. அந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். பல வருடம் உழைத்து எழுதிய பெண், பட்டியலில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் நிற்கிறார். நம்முடையது முதலெழுத்தும் பெயரும்தான், குடும்பப் பெயர் கிடையாது என்று எந்தப் பெட்டியில் எழுதுவது? மென்பொருள் தானாக அதைக் கண்டுகொள்வதில்லை, நாமாகத்தான் ஒவ்வொரு பதிவாகத் திறந்து மாற்ற வேண்டும். ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் இதே கதைதான், அங்கேயும் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் அப்பா பெயர்தான் வரும். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் ஏராளம். இத்தனை கோடிப் பேர் விதிவிலக்கு என்றால் அந்த விதியைத்தான் திருத்த வேண்டும்.

தேடுவதிலும் பெயர் குழிபறிக்கிறது. ஆழ்வார் பற்றிய நூல் ஒன்றைப் பன்னாட்டுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பில் 'ழ' என்பது கீழே கோடிட்ட 'எல்'. நாம் பழகியது 'இசட் எச்'. சில பட்டியலில் வெறும் 'எல்'. ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டில் மூன்று இடத்தில் கிடக்கும். ஒன்றில் தட்டினால் மற்றவை பல நேரம் வராது. இல்லை என்று நினைத்து விட்டுவிட்ட நூல் எங்கள் நூலகத்திலேயே இரண்டு படி இருந்ததை ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே நூலக அறிவியலுக்கான தம் ஐந்து விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று சொல்லி வைத்தார். நூலக அறிவியல் வகுப்பில் அதைத் தேர்வுக் கேள்வியாகக் கேட்கிறார்கள். தேடல் பெட்டியில் அதைக் காணோம்.

இணைய முகவரிகள் பாடு இன்னும் மோசம். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே வருடத்தில் காணாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. என் பட்டியலில் இருந்த ஓர் அரசு அறிக்கையும் அப்படித்தான் போனது, தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய முகவரியெல்லாம் அழித்துவிட்டார்கள். இப்போது எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் உடனே, இணையப் பக்கங்களின் படியைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, அந்த முகவரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன். இதை முதல் வருடமே யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

போன மாதம் இளநிலை ஆய்வு செய்யும் தம்பி ஒருவன் ஒரு பட்டியலோடு வந்தான். "அக்கா, இதுல ஒன்பது கட்டுரை இருக்கு, எங்கே தேடினாலும் ஆறு கிடைக்கலை" என்றான். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பட்டியல். ஆசிரியர்கள் நிஜம், இதழ் நிஜம், தொகுதி எண்ணும் பொருத்தமாக இருக்கிறது. கட்டுரை மட்டும் பொய். அந்தந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டிய பிறகுதான் நம்பினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம், கேட்டதற்குப் பதில் வந்தது என்று வாங்கிக்கொண்டான். ஆனால் அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். சாய்வெழுத்து சரி. காற்புள்ளி சரி. ஆண்டு அடைப்புக்குறிக்குள் சரி. எங்கள் அலுவலகத்தில் கொடுத்திருந்தால் அதில் ஒரு சிவப்புக் குறி விழுந்திருக்காது. நான் கீழ்த்தளத்தில் தூசிக்குள் உட்கார்ந்து பக்கத்தை எண்ணிப் பார்த்துச் செய்த பட்டியலுக்கு 41.

அதனால்தான் இவ்வளவு ஆத்திரம். மேற்கோள் எதற்காகக் காட்டுகிறோம்? படிக்கிறவர் நம் பேச்சை நம்பித் தொலைய வேண்டியதில்லை, தானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வழி சொல்வதற்காக. வழி தப்பாக இருந்தால் பலகையின் எழுத்து எவ்வளவு அழகாக இருந்து என்ன? நான் கேட்பது ஒன்றுதான். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து எண்ணைத் தொடட்டும். ஐந்தையும் எடுத்து வா, நீ சொன்ன வரியைக் காட்டு என்று கேட்கட்டும். பத்து நிமிடம் ஆகாது. இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தாலே நாங்கள் அத்தனை பேரும் படித்துவிட்டுத்தான் எழுதுவோம். காற்புள்ளியை அதற்கப்புறம் திருத்துங்கள், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் இயலைப் பிரித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கருத்து இனி அங்கே தூணாக நிற்காது. மூலத்தில் என்ன இருக்கிறது, அது எப்படித் திரிந்து வந்தது என்று நான்கு கட்டத்தையும் பக்க எண்ணோடு ஓர் அடிக்குறிப்பாக எழுதியிருக்கிறேன். அரைப் பக்கம் வந்துவிட்டது. அடிக்குறிப்பு இவ்வளவு நீளம் கூடாது என்று திருப்பி அனுப்பினால் போய்ச் சண்டை போடப் போகிறேன். அண்மைக் கட்டுரையின் ஆசிரியருக்கும் அந்த அட்டவணைப் பக்கத்தைச் சொல்லி எழுதினேன், இன்னும் பதில் இல்லை. என் பட்டியலில் மொத்தம் 147. மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காதவை இன்னும் இரண்டு: 63, 88. இரண்டும் அதே கீழ்த்தளத்தில்தான் இருக்க வேண்டும். பெரியவர் நாளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.