33ஆ, 38ஆ?

கட்டுமான வரைபடங்களை இணையத்தில் பகிர்வது பற்றிய கட்டுரையில், வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டாலே போதும், எந்த போனிலும் திறக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். திறக்கும், சரி. படிக்க முடியுமா?

மண்டபத்தில் விசைப்படகு கட்டும் பட்டறையில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கு வந்த படகு வரைபடம், போட்டோ மாதிரி ஜேபெக் கோப்பு. ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை) மேல் வரும் சட்டத்தின் கனம் பார்க்க இரண்டு விரலால் பெரிதாக்கினால், எண்ணைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள். 33ஆ, 38ஆ தெரியவில்லை. மேஸ்திரி துண்டால் வெயிலை மறைத்துத் திரையைப் பார்த்துவிட்டு, "போன் போட்டுக் கேளுப்பா" என்றார். ஒரு மணி நேர வேலை நின்றது.

அதையே வரைந்த மென்பொருளான ஆட்டோகேடிலிருந்து நேராக பிடிஎஃப் ஆக எடுத்திருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. இணையப் பக்கத்துக்குள்ளேயே காட்ட எஸ்விஜி இருக்கிறது, அதுவும் கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் பட வடிவம். 2001லேயே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக அறிவித்தது, பிரவுசரே வரைந்து காட்டிவிடும். ஆட்டோகேடின் சொந்த டிடபிள்யூஜி கோப்பை அப்படியே போட்டால் எங்களுக்கு உதவாது, அதற்குத் தனிச் செயலி வேண்டும்.

இன்னொன்று, அளவு விகிதம். ஏ1 என்ற பெரிய தாளுக்கு 1:50 (தாளில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 50 செ.மீ.) என்று வரைந்ததை ஏ4க்குள் அடக்கி அச்சிட்டால் ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். ஆனால் ஓரத்தில் 1:50 என்றே நிற்கும்! அதை நம்பி ஸ்கேல் வைத்து அளந்தவர்களை எனக்குத் தெரியும் (நானும் ஒருவன்). நிஜ நீளத்தைக் குறித்த ஒரு அளவுப் பட்டையும் வரைந்துவிட்டால் தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். அப்புறம், தமிழ்க் குறிப்புகள் கட்டம் கட்டமாகத் தெரியாமலிருக்க எழுத்துருவையும் பிடிஎஃப்புக்குள் சேர்த்து அனுப்புங்கள்.