அரிவாள் மட்டும்தான் அவளுக்குப் புதிது

அண்ணன் மகன் பன்னிரண்டாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். பகலெல்லாம் ஃப்ரீ ஃபயர், ராத்திரியெல்லாம் படம். போன வாரம் ‘பேட்டில் ராயல்’ பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினான்: “அத்தை, அந்த அரிவாள்காரி செம சைக்கோல்ல?”

பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. சரி, இங்கேயே கொட்டிவிடலாம் என்று வந்துவிட்டேன். கதை முழுக்க வெளியே வந்துவிடும். படம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது, யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. படத்துக்கு மூலம், 1999-ல் கௌஷுன் தகாமி எழுதிய ஜப்பானிய நாவல். ஒரு திகில் நாவல் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்து, உள்ளே இருக்கும் விஷயத்தைப் பார்த்து நடுவர்கள் முகம் சுளித்ததால் பரிசு கிடைக்காமல் போன கையெழுத்துப் பிரதி அது. பிறகு புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. ஒரு சர்வாதிகார அரசு, நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை ஒரு தீவில் இறக்கிவிடுகிறது. கழுத்தில் வெடிக்கும் பட்டை. ஆளுக்கொரு பை, அதில் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, வரைபடம், ஓர் ஆயுதம். எந்த ஆயுதம் என்பது அவரவர் தலையெழுத்து. படத்தின் நாயகன் ஷூயாவுக்குக் கிடைப்பது பானை மூடி. ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீனுக்கே பொறி தட்டியது இந்தப் படத்தில்தான். ஆகவே தம்பி, நீ விரல் தேய விளையாடும் விளையாட்டுக்கெல்லாம் பாட்டி வீடு இதுதான்.

இதில் பெண்கள் வரிசையில் 11-ஆம் எண் சோமா மிட்சுகோ. அவள் பையில் இருந்தது அரிவாள். ஜப்பானில் ‘காமா’ என்பார்கள், புல் அறுக்கிற சின்ன அரிவாள். 2000-ல் கின்ஜி ஃபுகாசாகு இயக்கிய படத்தில் அந்த வேடத்தில் கௌ ஷிபாசாகி. கண் ஒன்று போதும் அவருக்கு.

நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், யாரோ கொண்டுவந்த ஹார்டு டிஸ்க்கில். பன்னிரண்டு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கிரியாமா என்று ஒருவன் வருவான். வாயே திறக்காமல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே போவான். அவனுக்கு விசில் பறந்தது. மிட்சுகோ வந்தபோது அதே கூட்டம், “ச்சீ, என்னா பொண்ணுடி இவ” என்றது. நானும் சொன்னேன். இருவரும் செய்வது ஒரே வேலை. அவன் ‘மாஸ்’, இவள் ‘ச்சீ’.

பிறகு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். நாவலில் கிரியாமாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே மூளையில் ஏற்பட்ட காயத்தால் அவனுக்கு எந்த உணர்ச்சியும் தெரியாது. படம் அந்தக் காரணத்தை உருவி எறிந்துவிட்டு, விளையாட்டு ஆசையில் தானாக வந்து சேர்ந்த வெளியாள் ஆக்கிவிட்டது. மிட்சுகோ விஷயத்தில் நேர் எதிர். 2001-ல் காட்சிகள் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது, அவளுடைய சிறுவயதைக் காட்டும் பகுதியை உள்ளே வைத்தார்கள். குடிபோதையில் ஒரு தாய், வீட்டுக்கு வரும் ஓர் ஆள், மாடிப்படி. அவ்வளவுதான், அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஆக, ஆண் கொலைகாரனுக்கு இருந்த காரணத்தை எடுத்துவிட்டார்கள். பெண் கொலைகாரிக்குக் காரணம் போதவில்லை என்று தேடிப் போய்ச் சேர்த்தார்கள். காரணம் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை அரிவாளைத் தூக்கினால் நமக்குத் தூக்கம் வராது போல.

அதற்காக அந்தச் சிறுவயது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாவலில் அது இன்னும் கொடுமை. ஒன்பது வயதில், பெற்றவளே அவளைக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறாள். அதன் பிறகு நம்பிய இடத்திலெல்லாம் அடி. படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் அதைப் பலரும் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? “பாவம், அதான் இப்படி ஆயிட்டா.” கெட்டுப்போன பால் மாதிரி. எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

வகுப்பின் மற்ற பிள்ளைகளைப் பாருங்கள். காலையில் சுற்றுலாப் பேருந்தில் பாட்டும் கும்மாளமுமாகக் கிளம்பிய பிள்ளைகள். ராத்திரி கண் விழித்தால், பெரியவர்கள் தங்களைக் கொல்லக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அவர்களால் அதை நம்பவே முடியவில்லை. ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு குன்றில் நின்று “சண்டை வேண்டாம், எல்லாரும் இங்கே வாங்க” என்று கூவி, இரண்டு பெண்கள் சாகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு முந்தைய நாள் வரை அவர்களிடம் ஆதாரம் இருந்தது. மிட்சுகோவிடம் இல்லை. பெரியவர்கள் பிள்ளைகளைக் கைவிடுவார்கள் என்பது அவளுக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்த செய்தி. அந்தத் தீவில் அரிவாள் மட்டும்தான் அவளுக்குப் புதிது.

அவளே ஓரிடத்தில் சொல்கிறாள்: பறிகொடுக்கிற பக்கம் இருந்தது போதும், பறிக்கிற பக்கம் போகிறேன் என்கிற அர்த்தத்தில். இதைப் பலரும் வில்லி வசனமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், டிபி-யில் வைக்கிறார்கள். எனக்கு அது கணக்குச் சொல்கிற குரலாகத்தான் கேட்கிறது. உலகத்தில் இரண்டே பக்கம்தான் என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. அரசாங்கம் 42 பேருக்கும் அந்தத் தீவில் நடத்துகிற பாடமும் அதேதான். அவள் ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

“அப்ப அவ செஞ்சது சரியா?” என்று அண்ணன் மகன் கேட்பான், தெரியும். இல்லைடா. வகுப்புத் தோழி மெகுமி எத்தோ ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் வந்து, இனிக்க இனிக்கப் பேசி, பிறகு கழுத்தில் அரிவாளை வைக்கிறாளே, அதற்கு எந்தச் சிறுவயதும் சமாதானம் ஆகாது. மெகுமி அவளுக்கு என்ன செய்தாள்? இன்னொரு வகுப்புத் தோழி தகாகோ சிகுசா ஓடுவதில் புலி. தன்னிடம் அத்துமீற வந்தவனை எதிர்த்துச் சாய்த்தவள். அவளையும் மிட்சுகோதான் சுடுகிறாள். இவள் மாதிரியே ஆண்களிடம் சிக்கவிருந்து, தானே தப்பித்துக்கொண்டவள் தகாகோ. அவளைச் சுடும்போது மிட்சுகோ கை நடுங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். நடுங்கவில்லை. (தகாகோவாக நடித்த சியாகி குரியாமாவைத்தான் பிறகு ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோ ‘கில் பில்’ படத்துக்கு அழைத்துப்போனார், மறுபடியும் பள்ளிச் சீருடையில். அந்தச் சீருடை மேல் சினிமாக்காரர்களுக்கு இருக்கும் மோகம் தனியாகத் திட்ட வேண்டிய விஷயம். இதே கதையின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) வடிவத்தில் மிட்சுகோவை வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பிள்ளைக்கு நடந்ததைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதையே செய்கிற ஓவியம்.)

ஆனால் அவளை ‘சைக்கோ’ என்று ஒதுக்குவதற்கு முன்னால் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விட்டு வரணும். என்னைக் கேட்டால் மொத்தக் கதைக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் நல்ல பெயர் வாங்கிய ஆறு பெண்கள், யுகியே உத்சுமி தலைமையில், கதவை அடைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், முறை வைத்துக் காவல் காக்கிறார்கள். காயம்பட்ட ஷூயாவைக்கூடப் படுக்க வைத்துக் கவனித்துக்கொள்கிறார்கள். அவர்களில் யூகோ சாகாகிக்கு மட்டும் ஒரு பயம். ஷூயா ஒருவனைக் கொன்றதைப் பார்த்ததாக நினைக்கிறாள். அவன் தட்டில் விஷம் கலக்கிறாள். தட்டு கைமாறுகிறது. தோழி ஒருத்தி விழுகிறாள். அடுத்த சில நிமிடங்களில், காலையில் தோள்மேல் கைபோட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளுகிறார்கள். மிச்சமிருந்த யூகோ மேலிருந்து குதித்துவிடுகிறாள்.

அங்கே மிட்சுகோ இல்லை. அவள் நிழல்கூட இல்லை. அவர்கள் யாருக்கும் அப்படி ஒரு சிறுவயதும் இல்லை. இதைப் பார்த்த பிறகும் அவள் மட்டும்தான் தனிப் பிறவி என்றால், படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஃபுகாசாகுவுக்கு இது வெறும் கதையும் இல்லை. 1945-ல் அவருக்கு 15 வயது. போர்த்தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குண்டு விழும்போது பையன்கள் ஒருவர் அடியில் ஒருவர் புகுந்து ஒளிந்ததையும், பிறகு நண்பர்களின் உடல்களைத் தாங்களே அள்ளிப் போட்டதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உயிருக்கே ஆபத்து என்று வந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று பார்த்தவர் அவர். அதனால்தான் மிட்சுகோவை அவர் பேயாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கிரியாமா சுட்டும் அவள் எழுந்திருக்கிறாளே, அந்தக் காட்சியைப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான். மிட்சுகோவை ‘ச்சீ’ என்ற நான்தான்.

இதெல்லாம் எழுதி அவனுக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் சாயங்காலம் கேட்டான்: “சரி அத்தை, அவ ஜெயிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

படத்தின் முதல் காட்சியை மறுபடி பார் என்றேன். முந்தைய ஆட்டத்தில் மிஞ்சிய ஒரு சிறுமியை ராணுவத்தினர் அழைத்து வருவார்கள். உடம்பெல்லாம் ரத்தம், கையில் பொம்மை. கேமராக்கள் முட்டி மோதும். அவள் சிரிப்பாள்.

ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது. “பாத்தேன் அத்தை. அவ சிரிக்கிறாங்கறதத்தான் கத்துறாங்க. யாரக் கொன்னான்னு ஒருத்தர்கூட கேக்கல.”