அண்ணன் போட்ட கையெழுத்து

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லி முகநூலில் சுற்றும் அந்தப் பதிவைத்தான் சொல்கிறேன். லிங்க் போட்டு அதற்கு இன்னும் ஆள் சேர்க்க எனக்கு மனமில்லை. ‘மனச்சிதைவு ஆராய்ச்சி என்ற பெயரில் நம் பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்’ என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, வந்த என் அண்ணன் அப்படி ஒரு ஆய்வில் இருந்தவன். அவன் எலி இல்லை.

6 வருஷத்துக்கு முன்னால், அவனை வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். அங்கே சோஷியல் வொர்க்கராக இருந்த பெண், நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, தமிழில் அச்சடித்த நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்டினார். அவசரமில்லை, வீட்டில் வைத்துப் படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார். அண்ணன் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து தினமும் எடுத்துப் படித்தான். அடுத்த வாரம் போய் மூன்று கேள்வி கேட்டான். எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க? நடுவுல வேண்டாம்னா விட்ருவீங்களா? இதுல எனக்கு என்ன கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண், “உங்களுக்கு நேரடியா ஒண்ணும் கிடைக்காமலே போகலாம் சார். பின்னால வர்றவங்களுக்கு உதவும்” என்றார். பொய் சொல்லவில்லை. ‘சார்’ என்று வேறு கூப்பிட்டார். அண்ணன் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அதற்குள் நோய் வந்து 11 வருஷம் ஆகியிருந்தது. அந்த 11 வருஷத்தில் அவனை 48 நாள் ஒரு கோயிலில் தங்க வைத்தோம். வேலையை ராஜினாமா செய்ய வைத்தோம். நிச்சயம் ஆன கல்யாணத்தை அவனுக்குத் தெரியாமல் நிறுத்தினோம். வீட்டைப் பிரித்தபோது அவன் பங்கை மற்றவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தோம். எதற்கும் ‘உனக்குச் சம்மதமா’ என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. முதலில் கேட்டது அந்த ஆய்வுக்காரர்கள்தான். எலியிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா?

இது அந்தப் பெண்ணின் நல்ல குணம் மட்டுமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. மருந்து கொடுப்பதற்கு மட்டுமல்ல, ஆய்வுக்காக உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதற்கே சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இதைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம், அந்தப் பதிவு போட்ட நண்பர்.

ஆராய்ச்சி என்றாலே ஊசி, கூண்டு என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1980களின் தொடக்கத்தில் சென்னையில், நோய் புதிதாக வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று 25 வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்களா, கல்யாணம் ஆனதா, யாரும் பேசாமலே காதில் கேட்கும் குரல்கள் திரும்ப வந்தனவா என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ‘இது வந்தால் வாழ்க்கையே போச்சு’ என்ற பேச்சு தப்பு, எத்தனையோ பேர் தேறி வருகிறார்கள் என்று அந்த ஆய்வை நடத்திய மனநல மருத்துவர் தாராவும் அவருடன் இருந்தவர்களும் அடித்துச் சொல்ல முடிந்தது அதனால்தான். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையை அளக்கவே ஒரு கேள்வித்தாள் உருவாக்கியது. எங்கள் ஆய்விலும் அம்மாவிடம் தனியாகக் கேட்டார்கள், “நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?” என்று. அம்மா பதில் சொல்லாமல் அழுதார்கள். எத்தனை விசேஷத்துக்கு, எத்தனை சாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள் சொந்தக்காரர்கள், ஒருவருக்காவது அதைக் கேட்கத் தோன்றியதா?

‘மருந்துச் சோதனைக்கு என்ன சொல்கிறாய்?’ என்பீர்கள். சொல்கிறேன். அண்ணன் சாப்பிடுவது க்ளோசபின், மற்ற மருந்துகள் கேட்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து. 1975இல் ஃபின்லாந்தில் அந்த மருந்தால் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்து 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு அமெரிக்காவில், வேறெந்த மருந்துக்கும் கேட்காத 268 பேரை வைத்து 6 வாரம் சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மருந்தில் தேறியவர்கள் 100க்கு 4 பேர், க்ளோசபினில் 30 பேர். அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை என்ற கட்டாயத்தோடு மருந்து திரும்பி வந்தது. முதல் 18 வாரம் வாரா வாரம் அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். அந்த 268 பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் இல்லையென்றால் என் அண்ணன் இன்றைக்கும் ஜன்னலைப் பெட்ஷீட்டால் மூடிக்கொண்டு உள்ளேயே இருந்திருப்பான். அவர்களையா எலி என்கிறீர்கள்?

பக்க விளைவு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணை நனைகிறது, மேலே துண்டு விரித்துத்தான் படுக்கிறான். எடை ஏறிவிட்டது. அதனால்தானே இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம்? 1952இல் இந்த நோய்க்கு முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் வந்ததிலிருந்து வந்த மருந்தெல்லாம் பெரும்பாலும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. வேறு வழியில் வேலை செய்யும் ஒரு மருந்துக்கு 2024 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 70 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! ஆய்வுக்குப் போகாதே என்று நீங்கள் பயமுறுத்தினால் இன்னும் எத்தனை வருஷம் நாங்கள் காத்திருக்க வேண்டும்?

கம்பெனிகள் லாபத்துக்காகச் செய்கின்றன, ஆமாம். இந்தியாவில் மருந்துச் சோதனைகளில் அநியாயம் நடந்ததும் உண்மை, உச்ச நீதிமன்றம் வரை போனது, 2013இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. அதைக் கேளுங்கள், கண்காணியுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அந்தப் பதிவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. ‘மருந்தை நிறுத்துங்கள், அன்பு போதும்’ என்றுதான் இருக்கிறது.

அன்பு. எர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியை அவிழ்க்க முடியாமல் கருகிப்போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. அந்த 48 நாளில் என் அண்ணன் காலிலும் கயிறு இருந்தது. அன்பாகத்தான் கட்டினோம். அந்தத் தழும்பு இன்னும் போகவில்லை. அன்பு போதும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்தப் பதிவுக்கு 4 சொந்தக்காரர்கள் லைக் போட்டிருக்கிறார்கள், சித்தி மகன் ஷேர் செய்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அண்ணனோடு உட்கார்ந்து காப்பி குடிக்காதவன். தம்பி, அதை எடுத்துவிடு. அண்ணனும் இதே முகநூலில்தான் இருக்கிறான். நேற்று ராத்திரி போனை என்னிடம் நீட்டி, “இவன் என்னைப் பத்தியா போட்டிருக்கான்?” என்று கேட்டான்.