ஆடு மேய்க்காத மங்கோலியர்கள்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். முதல் எபிசோடிலேயே டோத்ராக்கி என்ற குதிரைக்கார நாடோடிக் கூட்டத்தின் கல்யாணம். மூன்று சாவாவது விழாவிட்டால் கல்யாணம் சப்பென்று இருக்கும் என்று ஒரு வசனம். அப்போது சிரித்தேன், இந்த முறை உறுத்தியது.

மங்கோலியர், ஹூணர், அலானியர், அமெரிக்காவின் சூ, செயென் பழங்குடிகள், மேலே கொஞ்சம் கற்பனை: டோத்ராக்கிகளை இப்படிக் கலந்து செய்ததாக, மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே சொல்லியிருக்கிறார். கலக்கட்டும், கற்பனை உலகம் படைக்கிற எழுத்தின் தொழிலே அதுதான். எதை எடுத்துக் கலந்தார் என்பதில்தான் எனக்குத் தகராறு.

டோத்ராக்கிக்கு ஆடு மேய்ப்பவன் என்றால் இளக்காரம். பக்கத்து லசாரீன் மக்களை 'ஆட்டுக்குட்டி மனிதர்கள்' என்று கேலி செய்து ஊரைக் கொளுத்துவான். மங்கோலியரிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு ஐந்தையும் சேர்த்தே செல்வம் என்று எண்ணுகிற சனம் அது. அவர்களுடைய கூடாரத்துக்குப் போர்வையே ஆட்டு ரோமம்தான். டோத்ராக்கிக்குக் கவசம் ஆகாது, வாங்கல் விற்றல் தெரியாது. மங்கோலியர் கவசம் போட்டார்கள், வணிகர்களுக்கு முதல் போட்டு அனுப்பினார்கள். 1254இல் அவர்களுடைய தலைநகரான காரகோரத்தைப் பார்த்த பாதிரியார் ரூப்ரக் வில்லியம், 12 கோயில், 2 மசூதி, 1 தேவாலயம் என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்.

டோத்ராக்கியில் 'நன்றி'க்குச் சொல்லே கிடையாதாம். (சோறு போட்ட அம்மாவுக்கு நாம் எத்தனை தடவை நன்றி சொல்லியிருக்கிறோம்?)

மங்கோலியருக்கு வெள்ளையடிக்கவில்லை. 1258இல் பாக்தாத்தைச் சூறையாடியது அவர்கள்தான். ஆனால் தங்கள் கதையைத் தாங்களே 13ஆம் நூற்றாண்டில் எழுதியும் வைத்தார்கள். 'மங்கோலியர்களின் ரகசிய வரலாறு' நூலில், கணவன் செத்து, கூட்டமும் கைவிட்டுப் போன பிறகு, ஓனோன் ஆற்றங்கரையில் கிழங்கு தோண்டிப் பிள்ளைகளை வளர்க்கிறாள் ஹோயலுன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் செங்கிஸ்கான். அவளைப் போல ஒருத்தியை டோத்ராக்கி கூட்டத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் ரோகன் என்று ஒரு குதிரைக்கார சனத்தைப் படைத்தார். ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர், ரோகன் மக்களின் பேச்சுக்கு அந்த மொழியையே கொடுத்தார். அவர்களுடைய அரசன் தியோடன், அந்தப் பெயருக்கு அதில் பொருளே அரசன். அந்த மொழி பேசிய நிஜ ஆங்கிலோ-சாக்சன்கள் பெரும்பாலும் தரையில் நின்று சண்டை போட்டவர்கள். குதிரை ஏற்றியது கற்பனை. ஆனால் செத்த வீரனைத் தேடும் ரோகன் ஒப்பாரி, அந்த மக்களே பாடிய பழம்பாட்டின் சாயல். ஒரு சனத்தை அவர்களுக்கு உள்ளேயிருந்து எடுத்து எழுதுவது என்றால் இதுதான். அதே டோல்கீன் 1958இல் ஒரு கடிதத்தில், தன் கதையின் அரக்கக் கூட்டமான ஓர்க்குகளின் முகத்துக்கு மங்கோலிய ஜாடை சொன்னார். தன் முன்னோருக்கு ஒப்பாரி, அடுத்தவனுக்கு அரக்க முகம்.

நாம் மட்டும் என்ன? 2015இல் 'பாகுபலி'க்கு விசில் அடித்தவன் நான். கரி பூசிய காலகேயர்கள், பல்லை நறநறக்கும் தலைவன். பெயர் இன்கோஷி. ஜுலு மொழியில் தலைவனை 'இன்கோசி' என்பார்கள். அந்தக் கூட்டத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியையே இலக்கணத்தோடு செய்து கொடுத்தார். படத்தில் அது மிரட்டவும் போர்க்கூச்சல் போடவும்தான் பயன்பட்டது.