பாண்டம் ட்ரோனை விட்டு மினிக்கு மாறப் போறீங்களா? பயப்பட வேண்டியது ராத்திரிக்கு இல்லை

நம்ம நெல்லைப் பக்கம் கல்யாணம், அம்மன் கொடை, காலேஜ் விழா எடுக்கிற வீடியோக்காரங்க பலர் இன்னும் டிஜேஐ கம்பெனியோட பாண்டம் 4 ப்ரோ ட்ரோனைத்தான் தூக்கிட்டு அலையிறாங்க. அதே கம்பெனியோட சின்ன ட்ரோன் மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோன்னு பேச்செடுத்தா உடனே வர்ற பதில், "சின்ன சென்சார் அண்ணாச்சி, ராத்திரி சரிப்பட்டு வராது." பயம் தப்பான இடத்துல இருக்குங்கிறது என் கருத்து. மினி ராத்திரி கைவிடாது. உச்சி வெயிலும் ஆடிக் காற்றும்தான் அதுக்குச் சோதனை.

ராத்திரிக் கணக்கை முதல்ல முடிச்சிடலாம். பாண்டத்தோட 1 இஞ்ச் சென்சார் (படம் பதியிற சில்லு), மினியோட 1/1.3 இஞ்ச் சென்சாரை விடப் பரப்புல ஒன்றரை மடங்குக்கு மேல பெருசு. ஆனா பாண்டத்தோட லென்ஸ் எஃப் 2.8, மினியோடது எஃப் 1.7. இந்த எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வாய் பெருசு. ஒளி உள்ளே விடுறதுல மினிக்கு ஏறக்குறைய 2.7 மடங்கு லாபம். ரெண்டையும் தட்டிக் கழிச்சா மினி ஒரு படி முன்னாலதான் நிக்கும். கொடை விழாவுல சீரியல் செட் மேல பறக்கவிடும்போது வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எல்லாத்தையும் கையால வச்சுப் பூட்டிடுங்க. ஆட்டோவுல விட்டா சீரியல் செட் அணைஞ்சு அணைஞ்சு எரியிறதுக்கு ஏத்தபடி படமும் கூடிக் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். அதை எடிட்டிங்ல சரி பண்ணி மாளாது. இன்னொன்று, இருட்டுல தடை அறியும் சென்சாருக்குக் கண் தெரியாது. பந்தல் கயிறும் கரண்ட் வயரும் பகல்லயே அதுக்குப் படாது.

இப்போ வெயில். பாண்டத்துல லென்ஸ் வாயைச் சுருக்கிற ஐரிஸ் இருக்கு, எஃப் 11 வரைக்கும் மூடலாம். மினியில எஃப் 1.7 தான், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. நம்ம ஊர் பதினொரு மணி வெயில்ல ஐஎஸ்ஓ 100 வச்சா ஷட்டர் 1/8000 பக்கம் போய் முட்டும். தேர் வடம் இழுக்கிறவங்க கையும் காலும் விட்டு விட்டுத் துள்ளும், வெள்ளை வேட்டி வெறும் வெள்ளையா எரிஞ்சு போகும். 1/50 ஷட்டரைப் பிடிக்கணும்னா ஏழு, ஏழரை ஸ்டாப் குறைக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்). அதுக்குப் போதுமானது என்டி 256, அதாவது வெளிச்சத்தை 256-ல ஒரு பங்காக் குறைக்கிற கறுப்பு ஃபில்டர். பாண்டத்துல எஃப் 5.6 வச்சு ஒரு என்டி 16 போட்டாலே அதே வேலை முடியும். மினி வாங்கும்போதே 16, 64, 256 மூணு ஃபில்டரும் சேர்த்து வாங்குங்க. உச்சிக்கு 256, மேகத்துக்கும் சாயங்காலத்துக்கும் 64, பொழுது சாயும்போது 16.

சிக்கல் என்னன்னா, ரத வீதியில தேர் நகர்ந்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு மேகம் மூடினா பாண்டத்துல ஐரிஸைத் திருப்பினாப் போதும். மினியைக் கீழே இறக்கித்தான் ஃபில்டரை மாத்தணும். இறக்க நேரமில்லைன்னா ஐஎஸ்ஓவைக் கூட்டிச் சமாளிங்க, ஷட்டரைத் தொடாதீங்க. வெயில் வேலையில நிஜமான நஷ்டம் இது ஒண்ணுதான்னு நான் சொல்வேன். அதுக்கு ஈடா, மினியில கேமராவே 90 டிகிரி நட்டுக்குத்தலா திரும்பும். கோபுரத்தை ஸ்டேட்டஸுக்கு எடுக்க இதைவிட வசதி வேற இல்லை. சத்தமும் குறைவு. முகூர்த்த நேரத்துல நாதஸ்வரத்தை அமுக்காது, வாசல் கோலப்பொடியையும் கிளப்பாது.

காற்றுக்கு வருவோம். நோட்டீஸ்ல பார்த்தா பாண்டம் வினாடிக்கு 10 மீட்டர், மினி 10.7 மீட்டர் தாங்கும்னு போட்டிருக்கும். அதை நம்பி ஆனி, ஆடியில பணகுடி, காவல்கிணறு பக்கம் விடாதீங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காற்றுக்காகத்தானே அங்கே அத்தனை காற்றாலை நட்டு வச்சிருக்கான்! 1388 கிராம் பாண்டம் ஆடுற காற்றுல 249 கிராம் மினி சாய்ஞ்சே பறக்கும். அடிவானம் சரியும், படத்தோட மேல் மூலையில இறக்கை தலைகாட்டும். நார்மல் மோடுல மினி 3 ப்ரோவோட வேகம் வினாடிக்கு 10 மீட்டர்தான். எதிர்க்காற்றும் 10 மீட்டர்னா கிளம்பின இடத்துக்குத் தானே திரும்புற ரிட்டர்ன் டு ஹோம் அழுத்தினாலும் நின்ன இடத்துலயே நிக்கும், பேட்டரிதான் இறங்கும். அதனால போகும்போது எதிர்க்காற்றுல போங்க, திரும்பி வரக் காற்றே தள்ளிக் கொடுக்கும். மாட்டிக்கிட்டா முதல்ல உயரத்தைக் குறைங்க, மேலே போகப் போக காற்று கூடத்தான் செய்யும். அப்புறம் ஸ்போர்ட் மோடு, 16 மீட்டர் வரைக்கும் இழுக்கும். ஆனா அந்த மோடுல தடை அறியும் சென்சார் வேலை செய்யாதுங்கிறது நினைவிருக்கட்டும். 34 நிமிஷம் பறக்கும்னு சொல்றது காற்றில்லாத இடத்துக் கணக்கு. நம்ம ஊருக்கு இருபது, இருபத்திரண்டுன்னு வச்சுக்கிட்டு 30 சதவீதத்துல இறக்கிடுங்க.

எடை விஷயத்துல ஒரு கண்ணி இருக்கு. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ ரகம். காசுக்கு வேலை செஞ்சாலும் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். ஆனா அதிக நேரம் தாங்குற ப்ளஸ் பேட்டரி போட்டீங்கன்னா எடை 290 கிராம் பக்கம் போயிடும். இறக்கைக்குக் காப்பு வளையம் மாட்டினாலும் 250ஐத் தாண்டும். அந்த நிமிஷமே அது அடுத்த ரகமான மைக்ரோ, கல்யாண வேலைக்குச் சான்றிதழ் கேட்கும். எங்கே பறக்கலாம்ங்கிறதுக்கு மட்டும் எடைச் சலுகை கிடையாது. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்துல 400 அடி உயரம், விமான நிலையத்துல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடிதான். கூடங்குளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் பக்கம் நினைச்சே பார்க்காதீங்க. சின்னதா இருக்கேன்னு பைக்குள்ள போட்டுக்கிட்டு காரையாறு, மாஞ்சோலை போறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம விடக்கூடாது.

உவரி, குட்டம் கடற்கரைக்கும் திசையன்விளைத் தேரிக்கும் (மணல்மேட்டுக்கும்) போறவங்க ஒரு விரிப்பு கொண்டு போங்க. பாண்டத்துக்கு உயரமான கால் உண்டு. மினியோட வயிறு தரையை ஒட்டி இருக்கும், கிளம்பும்போதே மணலை வாரி கேமரா மேல போட்டுக்கும். அங்கே உள்ள கருமணலை மோட்டார்ல இருக்கிற காந்தம் இழுத்துக்கும். ஊதினா போகாது. செல்லோ டேப்பை மெல்லிசா மடிச்சு மோட்டார் இடுக்குல ஒத்தி ஒத்தி எடுக்கணும். எடுத்த பிறகு இறக்கையை விரலால மெதுவாச் சுத்திப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா இன்னும் உள்ளே இருக்கு. எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க, அடுத்த மணல் ஒட்டிக்கிட்டு வரவே வராது.

பாண்டத்தை விக்கணுமான்னு கேட்டா, குளம், வயல் அளக்கிற மேப்பிங் வேலை உங்களுக்கு இருந்தா விக்காதீங்க. அதுல உள்ள மெக்கானிக்கல் ஷட்டர் மினியில இல்லை, நகர்ந்துக்கிட்டே எடுக்கிற போட்டோ கோணாம வர அதுதான் காரணம். கல்யாணமும் கோயிலும் மட்டும்னா தாராளமாக் கொடுத்திடலாம்.

2022 பிப்ரவரியில வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை பண்ணிட்டதால மினி பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாத்தான் கைக்கு வரும். பில் கேளுங்க. ஆப்ல பேட்டரி தகவலைத் திறந்து எத்தனை தடவை சார்ஜ் ஆயிருக்குன்னு பாருங்க. பேட்டரியைச் சமதரையில வச்சு அழுத்திப் பாருங்க, உப்பியிருந்தா ஆடும். முக்கியமா, விக்கிறவரை அவர் போன்ல இருந்தே அந்த ட்ரோனைத் தன் கணக்குல இருந்து நீக்கச் சொல்லி, உங்க போன்ல ஏத்திப் பறக்கவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்க.